புதிய கணினிக்குள் பழைய விண்டோஸ்: உரிமம் கூடவே வருமா?

"மாப்பிள்ளை, பெட்டி செத்தா பரவாயில்லை. உள்ள இருக்கிற கணக்கு சாகக்கூடாது."

2025 நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, பத்து காவானில் லோரி சேவை நடத்தும் என் மாமா தொலைபேசியில் சொன்ன முதல் வார்த்தை இதுதான். 2014இல் வாங்கிய அலுவலகக் கணினி அவருடையது. அதன் ஹார்ட் டிஸ்க் 'டக் டக்' என்று தட்ட ஆரம்பித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அதே வாரத்தில் வருமான வரி தொடர்பாக ஒரு கடிதமும் வந்திருந்தது. 2019ஆம் ஆண்டுக் கணக்குகளைக் குறித்த தேதிக்குள் காட்ட வேண்டும். அந்தக் கணக்கு முழுவதும் பழைய கணினியில் உள்ள ஒரு கணக்கியல் மென்பொருளுக்குள் இருந்தது. மென்பொருளை விற்ற கடை எப்போதோ மூடிவிட்டது. நிறுவும் வட்டும் இல்லை.

மலேசியாவில் வியாபாரக் கணக்குகளையும் ரசீதுகளையும் 7 ஆண்டுகளுக்குப் பாதுகாக்க வேண்டும் என்பது வருமான வரிச் சட்டம் சொல்லும் விதி. கணினி கெட்டுப்போய்விட்டது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சிறு தொழில் செய்யும் நம்மவர்கள் பலர் இதைக் கடிதம் கையில் வந்த பிறகுதான் நினைத்துப் பார்க்கிறோம்.

நான் சொன்ன யோசனை இது: பழைய கணினியை அப்படியே ஒரு 'மெய்நிகர் கணினி'யாக மாற்றிப் புதிய கணினிக்குள் குடிவைத்துவிடலாம். செய்தோம். ஞாயிறு மாலை, மாமாவின் புதிய கணினியில் ஒரு ஜன்னல் திறந்தது. அதற்குள் அவருடைய பழைய திரை. பழைய முருகன் படம், பழைய கோப்புகள், பழைய கணக்கு மென்பொருள், எல்லாம் இருந்தன. மாமாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

ஐந்து நிமிடத்தில் அந்தச் சிரிப்பு நின்றது. திரையின் வலது கீழ் மூலையில் மங்கலான எழுத்தில் ஒரு வாசகம் வந்தது. விண்டோஸை ஆக்டிவேட் செய்யுங்கள் என்றது அது.

"நான் காசு கொடுத்து வாங்கினதுதானே? எதுக்கு மறுபடியும் கேக்குது?" என்றார் மாமா.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு முடிந்துவிட்டது. பழைய பெட்டிகளை ஓரம்கட்டிவிட்டு அவற்றின் உள்ளிருப்பை மட்டும் புதிய கணினிக்கு மாற்றும் வேலை கடைகளிலும் சங்கங்களிலும் டியூஷன் மையங்களிலும் நடந்துகொண்டிருக்கிறது. மாற்றும் முன் இதைத் தெரிந்துகொண்டால் பணமும் தூக்கமும் மிச்சம்.

மெய்நிகர் கணினி என்றால் என்ன?

ஒரு வீட்டுக்குள் இன்னொரு வீடு என்று நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் புதிய கணினி வெளிவீடு. அதில் ஒரு மென்பொருளை நிறுவினால், அது தன் நினைவகத்திலும் டிஸ்க்கிலும் கொஞ்சம் இடம் ஒதுக்கி ஒரு 'பாவனைக் கணினி'யை உருவாக்கும். மைக்ரோசாப்டின் ஹைப்பர்-வி, ஆரக்கிளின் விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் ஆகியவை இந்த வேலையைச் செய்பவை. ஹைப்பர்-வி விண்டோஸ் புரோ பதிப்பிலேயே அடங்கியிருக்கிறது. ஹோம் பதிப்பில் கிடையாது. விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் புரோவும் 2024 நவம்பர் முதல் அனைவருக்கும் இலவசமாக்கப்பட்டது.

பழைய கணினியின் டிஸ்க்கை அப்படியே ஒரே ஒரு பெரிய கோப்பாக மாற்றுவதற்கு மைக்ரோசாப்டே 'டிஸ்க்2விஎச்டி' என்ற சிறு கருவியை இலவசமாகத் தருகிறது. அந்தக் கோப்பைப் பாவனைக் கணினியின் டிஸ்க்காகக் கொடுத்தால், பழைய விண்டோஸ் தன் போக்கில் எழுந்து வந்துவிடும். மாமாவுடைய கணினியில் நாங்கள் செய்ததும் இதுதான்.

எழுந்து வந்த விண்டோஸ் கண் விழித்துப் பார்க்கிறது. சுற்றிலும் எல்லாம் புதிது. மதர்போர்டு வேறு, நெட்வொர்க் அட்டை வேறு, டிஸ்க் வேறு. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

விண்டோஸ் எதைப் பார்த்து அடையாளம் காண்கிறது?

2001இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோதுதான் 'ஆக்டிவேஷன்' சாதாரண வீட்டுக் கணினிகளுக்கும் வந்தது. அதற்கு முன் ஒரே வட்டைப் பத்துப் பேர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம், கேட்பார் இல்லை. அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

ஆக்டிவேஷனில் இரண்டு விஷயங்கள் சேர்கின்றன. ஒன்று, 25 எழுத்துகளும் எண்களும் கொண்ட உரிமச் சாவி. மற்றொன்று, உங்கள் கணினியின் 'கைரேகை'. மதர்போர்டு, நெட்வொர்க் அட்டையின் எண், டிஸ்க்கின் எண் போன்ற பல உறுப்புகளின் விவரங்களிலிருந்து இந்தக் கைரேகை உருவாகிறது. இந்தச் சாவி இந்தக் கைரேகைக்கு உரியது என்று மைக்ரோசாப்டின் சர்வர் குறித்துவைத்துக்கொள்ளும்.

விண்டோஸ் 10 வந்த 2015 முதல் பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் சாவியையே யாரும் தட்டுவதில்லை. கைரேகை சர்வரில் பதிவாகியிருந்தால் போதும். விண்டோஸை அழித்து மீண்டும் நிறுவினாலும் அது தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். இதற்கு 'டிஜிட்டல் உரிமம்' என்று பெயர். 2016இல் வந்த பதிப்பிலிருந்து இந்த டிஜிட்டல் உரிமத்தை உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கோடும் இணைத்துக்கொள்ளலாம்.

கைரேகையில் மதர்போர்டுக்குத்தான் முதல் இடம். ரேம் கூட்டினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. டிஸ்க்கை மட்டும் மாற்றினாலும் உரிமம் நிற்கும். மதர்போர்டு மாறினால் அது வேறு கணினி என்றே கணக்கு. மெய்நிகர் கணினிக்குப் போகும்போது மதர்போர்டு உட்பட எல்லாமே ஒரே அடியில் மாறிவிடுகின்றன. ஆகவே மாமாவின் திரையில் வந்த வாசகம் பழுது அல்ல. 'உங்களை எனக்கு அடையாளம் தெரியவில்லை' என்று விண்டோஸ் சொல்கிறது, அவ்வளவே.

லயத்து வீடும் சொந்தத் தையல் மெஷினும்

அடையாளம் தெரியவில்லை என்றால் திரும்ப அறிமுகம் செய்துவைக்கலாமே? செய்யலாம். ஆனால் அது உங்கள் கையில் இருப்பது எந்த வகை உரிமம் என்பதைப் பொறுத்தது. மூன்று வகைகள் உண்டு.

முதல் வகை, 'ஓஇஎம்'. கடையில் கணினி வாங்கும்போது உள்ளேயே நிறுவப்பட்டு வருவது. நம் வீடுகளிலும் கடைகளிலும் இருக்கும் விண்டோஸ் பெரும்பாலும் இந்த வகைதான். கணினி விலையோடு சேர்ந்து வருவதால் மலிவு. ஆனால் அந்த உரிமம் அந்தக் கணினிக்குச் சொந்தம், உங்களுக்கு அல்ல. கணினியை விற்றால் உரிமமும் கணினியோடு அடுத்தவருக்குப் போகும். உரிமத்தை மட்டும் தனியே கழற்றி எடுக்க விதி இடம் தரவில்லை.

இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது மாமா குறுக்கிட்டார்.

"அப்ப இது லயத்து வீடு மாதிரி."

மாமா தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். இன்று பத்து காவான் என்றால் பலருக்கு இரண்டாவது பாலமும் தொழிற்பேட்டையும் பண்டார் காசியாவும் பெரிய பேரங்காடிகளும்தான் நினைவுக்கு வரும். பத்து மாவோங்கிலிருந்து கடலைக் கடந்து வரும் அந்த 24 கிலோமீட்டர் பாலம் திறக்கப்பட்டது 2014 மார்ச் 1ஆம் தேதி. அதற்கு முன் இது தோட்ட மண். பத்து காவான் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெயரில் அந்தத் தோட்டம் இன்னும் இருக்கிறது.

லயத்து வீட்டில் முப்பது வருடம் குடியிருந்திருப்பார்கள். வாசலில் முருங்கை வைத்து, பின்னால் கோழிக்கூண்டு கட்டி, சுவருக்குச் சாயம் அடித்து, தன் வீடாகவே வாழ்ந்திருப்பார்கள். ஆனால் வீடு வேலையோடு வந்தது. வேலை முடிந்தால், அல்லது தோட்டம் கைமாறினால், வீட்டைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. பாத்திரங்களையும் துணிமணிகளையும் சாமி படங்களையும் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

ஓஇஎம் உரிமமும் அப்படியே. உள்ளே நீங்கள் சேர்த்துவைத்த கோப்புகள் உங்களுடையவை. தாராளமாக எடுத்துப் போகலாம். விண்டோஸ் என்ற வீடு அந்தப் பெட்டியோடு நின்றுவிடும். 'டிஸ்க்2விஎச்டி' கருவிக்கான குறிப்பிலேயே மைக்ரோசாப்ட் இதைச் சொல்லிவைத்திருக்கிறது: கணினியோடு வந்த ஓஇஎம் விண்டோஸை மெய்நிகர் டிஸ்க்குக்கு மாற்ற உரிம விதி அனுமதிப்பதில்லை. கருவி மாற்றிக் கொடுத்துவிடும். உரிமம் கூடவே வராது.

இரண்டாவது வகை, 'ரீடெயில்'. தனியாகப் பணம் கட்டி, பெட்டியாகவோ இணையத்திலோ வாங்கும் விண்டோஸ். இது அம்மாவின் தையல் மெஷின் மாதிரி. எந்த வீட்டுக்குக் குடிபோனாலும் கூடவே வரும். ஒரே நிபந்தனை: ஒரு நேரத்தில் ஒரே கணினி. புதிய இடத்தில் போட்டால் பழைய இடத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். அந்தப் புதிய இடம் உண்மைக் கணினியாகவும் இருக்கலாம், மெய்நிகர் கணினியாகவும் இருக்கலாம். உரிம விதியின் பார்வையில் இரண்டும் ஒன்றுதான். வெளிவீட்டில் ஒரு விண்டோஸ், உள்வீட்டில் ஒரு விண்டோஸ் ஓடினால் இரண்டு உரிமம் தேவை என்பதும் இதிலிருந்தே புரியும்.

மூன்றாவது வகை, 'வால்யூம்'. தொழிற்சாலைகளும் பெரிய நிறுவனங்களும் மொத்தமாக வாங்குவது. இதில் ஒரு முறையில் நிறுவனத்தின் சொந்த சர்வரே கணினிகளை ஆக்டிவேட் செய்யும். அது 180 நாள்களுக்குத்தான் செல்லும்; அதற்குள் கணினி மீண்டும் அந்த சர்வரோடு பேசிப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். தொழிற்சாலையிலிருந்து ஏலத்தில் வந்த பழைய கணினியை வாங்கி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த விண்டோஸ் ஆறு மாதத்தில் திடீரென்று உரிமம் கேட்பதற்கு இது ஒரு காரணம். தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள் அலுவலக மடிக்கணினியின் விண்டோஸை வீட்டுக் கணினிக்கு மாற்ற நினைக்க வேண்டாம். அது உங்களுடையதும் அல்ல, நிறுவனத்தின் எல்லைக்கு வெளியே நிற்பதும் அல்ல.

உங்களுடையது எந்த வகை?

கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும். விசைப்பலகையில் விண்டோஸ் சின்னம் உள்ள விசையையும் 'ஆர்' எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு சிறு பெட்டி திறக்கும். அதில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துத் தட்டுங்கள். ஓர் இடைவெளி விட்டு, ஒரு முன்சாய்கோடு போட்டு, அதை ஒட்டியே டி, எல், ஐ என்ற மூன்று எழுத்துகளைத் தட்டி என்டர் அழுத்துங்கள். சில நொடிகளில் வரும் பெட்டியில் ஓஇஎம், ரீடெயில், வால்யூம் என்ற மூன்றில் ஒரு சொல் இருக்கும். உங்கள் சாவியின் கடைசி ஐந்து எழுத்துகளும் அங்கே தெரியும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. நானும் முதலில் இதில் மாட்டிக்கொண்டேன். மாமாவின் கணினி 'ரீடெயில்' என்று காட்டியது. நிம்மதி என்று நினைத்தேன். ஆனால் அந்தக் கணினி விண்டோஸ் 7உடன் வந்தது. 2016இல், விண்டோஸ் 10க்கு இலவசமாக மாறும் வாய்ப்பு இருந்தபோது, மாற்றிக்கொண்டது. அப்படி மாறிய கணினிகள் எல்லாவற்றிலும் ஒரே பொதுச் சாவிதான் உட்காரும். அந்தப் பொதுச் சாவி தன்னை ரீடெயில் என்று சொல்லிக்கொள்ளும். கடைசி ஐந்து எழுத்துகள் புரோ பதிப்பில் '3வி66டி' என்றோ, ஹோம் பதிப்பில் '8எச்விஎக்ஸ்7' என்றோ இருந்தால் அது பொதுச் சாவி. அது எதையும் நிரூபிக்காது. முதன்முதலில் அந்தக் கணினிக்கு விண்டோஸ் எப்படி வந்தது என்பதே கணக்கு. கணினியோடு வந்த ஓஇஎம் விண்டோஸை இலவசமாக மேம்படுத்தியிருந்தால், மேம்படுத்தியதும் ஓஇஎம் விதிக்கே கட்டுப்படும்.

ஆகவே திரை சொல்வதை மட்டும் நம்பாமல் பழைய ரசீதையும் தேடுங்கள். கணினியின் அடியில் விண்டோஸ் ஸ்டிக்கர் இருந்தால் அது பெரும்பாலும் ஓஇஎம். 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து பெரிய நிறுவனங்களின் கணினிகளில் சாவி ஸ்டிக்கரில் இருப்பதில்லை, மதர்போர்டுக்குள்ளேயே எழுதப்பட்டுவிடுகிறது. மெய்நிகர் கணினிக்கு அந்தச் சாவி கண்ணில் படாததற்கு இதுவும் காரணம்.

மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டியவை

பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே இவற்றைச் செய்துவிடுங்கள்.

முதலில், கோப்புகளைத் தனியாக ஒரு வெளி டிஸ்க்கில் நகல் எடுங்கள். விண்டோஸ் வருகிறதோ இல்லையோ, கணக்கும் குடும்பப் படங்களும் பத்திரமாக இருக்க வேண்டும்.

இரண்டாவதாக, டிஸ்க் பிட்லாக்கர் மூலம் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பூட்டியிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். புதிய இடத்துக்குப் போனதும் அது முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

மூன்றாவதாக, ரீடெயில் உரிமம் என்றால் பழைய கணினியில் மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸ் பகுதியில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து பாருங்கள். டிஜிட்டல் உரிமம் உங்கள் கணக்கோடு இணைக்கப்பட்டிருப்பதாக அங்கே எழுதியிருக்க வேண்டும். இணைக்காமல் விட்டுவிட்டு டிஸ்க் செத்துப்போனால் பின்னால் நிரூபிப்பது கடினம்.

நான்காவதாக, பதிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹோம் உரிமம் புரோ பதிப்பை ஆக்டிவேட் செய்யாது. புரோ உரிமத்தின் டிஜிட்டல் பதிவு ஹோம் பதிப்பில் ஒட்டாது.

மாற்றிய பின், மீண்டும் உயிர்ப்பிப்பது எப்படி?

அதே வாரத்தில் மாமாவின் நண்பர் ஒருவருக்கும் இதே வேலை. சிம்பாங் அம்பாட்டில் டியூஷன் மையம் வைத்திருப்பவர். அவர் விண்டோஸ் 10 புரோவைத் தனிப் பெட்டியாகக் காசு கொடுத்து வாங்கியிருந்தார். ரசீதும் சாவியும் கோப்பில் பத்திரமாக இருந்தன. அவருடைய வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது.

மெய்நிகர் கணினிக்கு இணையத் தொடர்பு இருக்கிறதா, தேதியும் நேரமும் சரியா என்று முதலில் பார்த்தோம். தேதி தவறாக இருந்தாலே ஆக்டிவேஷன் தடுமாறும். பிறகு செட்டிங்ஸ் வழியாக ஆக்டிவேஷன் பக்கத்துக்குப் போனோம். அங்கே 'டிரபிள்ஷூட்' என்ற பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் விண்டோஸ் தானாகச் சோதிக்கும். முடியவில்லை என்றால், 'அண்மையில் இந்தக் கணினியின் வன்பொருளை மாற்றினேன்' என்ற பொருளில் ஒரு வரியைக் காட்டும். அதை அழுத்தி, மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்தால், உங்கள் பெயரில் உள்ள கணினிகளின் பட்டியல் வரும். பழைய கணினியைத் தேர்ந்தெடுத்து உறுதி செய்தால் உரிமம் புதிய கைரேகைக்கு இடம் மாறும்.

கணக்கோடு இணைக்காதவர்கள் அதே பக்கத்தில் சாவியை மாற்றும் வசதிக்குப் போய் 25 எழுத்துச் சாவியை நேராகத் தட்டலாம். இரண்டும் நடக்கவில்லை என்றால் மைக்ரோசாப்டின் வாடிக்கையாளர் சேவையை நாடி, ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்: ரீடெயில் உரிமம், பழைய கணினியிலிருந்து எடுத்துவிட்டேன், மெய்நிகர் கணினியில் போடுகிறேன். மறைக்க இதில் ஒன்றும் இல்லை.

பிழை வந்தால் அதன் எண்ணைப் பாருங்கள். நீண்ட எண்ணின் கடைசிப் பகுதி போதும். 'எஃப்211' என்று முடிந்தால் வன்பொருள் மாறியிருக்கிறது என்று பொருள். மேலே சொன்ன வழியைப் பின்பற்றுங்கள். 'சி008' என்று முடிந்தால் அந்தச் சாவி வேறு கணினியில் அல்லது அனுமதித்த அளவுக்கு மேல் பயன்படுத்தப்பட்டிருக்கிறது. பழைய கணினியில் இன்னும் விட்டுவைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். 'சி003' என்று முடிந்தால் சாவியே தடை செய்யப்பட்டிருக்கலாம். விற்றவரைத்தான் கேட்க வேண்டும்.

ஆக்டிவேட் ஆன பிறகும் ஒரு கவனம் தேவை. மெய்நிகர் கணினியை மீண்டும் வேறு கணினிக்கு நகர்த்தும்போது விஎம்வேர் ஒரு கேள்வி கேட்கும்: இதை நகர்த்தினீர்களா, நகல் எடுத்தீர்களா? 'நகல்' என்று சொன்னால் அது புதிய அடையாள எண்களைக் கொடுத்துவிடும். கைரேகை மாறி உரிமம் மறுபடியும் போகலாம். உண்மையிலேயே நகர்த்தியிருந்தால் 'நகர்த்தினேன்' என்றே சொல்லுங்கள். விர்ச்சுவல்பாக்ஸிலும் வன்பொருள் அடையாளங்களை அப்படியே வைத்திருக்கும் ஒரு தேர்வு உண்டு.

25 வெள்ளிச் சாவி

மாமாவின் அலுவலகத்தில் அந்த ஞாயிறு மாலை நான் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, உதவிக்கு வந்த ஒரு பையன் கைப்பேசியைக் காட்டினான். "அங்கிள், இணையத்துல புரோ சாவி 25 வெள்ளிதான். ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும்."

அமெரிக்காவில் மைக்ரோசாப்ட் நேரடியாக விற்கும் விண்டோஸ் 11 ஹோம் பதிப்பின் விலை 139 டாலர், புரோ 199 டாலர். அது 25 வெள்ளிக்கு எப்படிக் கிடைக்கும்? இப்படிப்பட்ட சாவிகளில் பல ஏதோ ஒரு நிறுவனத்தின் வால்யூம் உரிமத்திலிருந்து கசிந்தவையாகவோ, கழித்துக்கட்டிய கணினிகளிலிருந்து எடுத்தவையாகவோ இருக்கும். இன்று வேலை செய்யும். நாளை தடை செய்யப்பட்டால் காசு போனது போனதுதான். திரையில் ஆக்டிவேட் ஆகிவிட்டது என்று காட்டுவது வேறு, முறையான உரிமம் கையில் இருப்பது வேறு. வியாபாரம் செய்பவர்களுக்கு நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் இருக்கிறது.

அதைவிட ஆபத்தானது இலவசமாகக் கிடைக்கும் 'ஆக்டிவேட்டர்' மென்பொருள்கள். முதல் வேலையாக வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொல்வார்கள். வீட்டுக் காவல் நாயைக் கட்டிப்போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைக்கச் சொல்வதுபோல. அதே கணினியில்தான் வங்கிக் கணக்கையும் ஊழியர் சம்பளத்தையும் பார்க்கிறோம்.

மாமா பையனிடம் சொன்னார்: "வேணாம்பா. வரிக்காரங்களுக்குக் காட்டப்போற கணக்கு. அதைத் திருட்டுச் சாவி போட்டா திறக்கிறது?"

அப்படியானால் மாமா என்ன செய்தார்?

ஓஇஎம் உரிமம் என்று தெரிந்ததும் வழி மூடிவிட்டது போலத் தோன்றியது. உட்கார்ந்து யோசித்தபோது, மெய்நிகர் கணினியே தேவையில்லை என்று புரிந்தது. மாமாவுக்கு வேண்டியது விண்டோஸ் அல்ல, கணக்கு.

உரிமம் பழைய மதர்போர்டுக்குச் சொந்தம். அந்த மதர்போர்டு இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. கெட்டுப்போகிறது டிஸ்க் மட்டுமே. டிஸ்க் மாறினால் உரிமம் போகாது. ஆகவே புதிய எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி, பழைய டிஸ்க்கை அதில் அப்படியே நகல் எடுத்து, அதே பழைய பெட்டியில் மாட்டினோம். மூலையில் எந்த வாசகமும் வரவில்லை. பாதுகாப்புப் புதுப்பிப்புகள் இனி வராது என்பதால் அந்தக் கணினியின் இணையக் கம்பியைக் கழற்றிவிட்டோம். அது இனி பழைய கணக்கைத் திறக்க மட்டும்.

பிறகு அந்த மென்பொருளில் கடந்த 7 ஆண்டுகளின் பேரேடு, ரசீது, விலைப்பட்டியல் எல்லாவற்றையும் ஆண்டுவாரியாகப் பிடிஎஃப் கோப்புகளாக எடுத்து, இரண்டு வெளி டிஸ்க்குகளில் வைத்தோம். ஒன்று அலுவலகத்தில், மற்றொன்று வீட்டில். இனி கணக்கைப் பார்க்க அந்த மென்பொருளும் வேண்டாம், அந்த விண்டோஸும் வேண்டாம்.

நாங்கள் உருவாக்கிய மெய்நிகர் டிஸ்க் கோப்பும் வீண் போகவில்லை. அந்தக் கோப்பைப் புதிய கணினியில் வலச்சொடுக்கி 'மவுண்ட்' செய்தால், அது சாதாரண டிஸ்க் போலத் திறந்து உள்ளே உள்ள ஆவணங்களைக் காட்டும். பழைய விண்டோஸை எழுப்ப வேண்டியதில்லை; அதனால் உரிமக் கேள்வியும் எழுவதில்லை. கணினி உரிமம் கேட்கிறது என்றவுடன் கோப்புகளே போய்விட்டன என்று பயந்துவிடாதீர்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் உரிமம் இல்லை என்றால் வாசகம் வரும், திரையின் தோற்றத்தை மாற்ற முடியாது. ஆனால் உங்கள் கோப்புகளை அது பூட்டிவிடுவதில்லை.

யாருக்கு மெய்நிகர் கணினி உண்மையில் தேவை? பழைய மென்பொருளை இன்னும் தினமும் ஓட்டியாக வேண்டியவர்களுக்கு. அவர்கள் அதற்கென்று ஒரு ரீடெயில் உரிமத்தை வாங்கி, ரசீதையும் சாவியையும் ஒரே உறையில் போட்டுவைப்பதே நேர்வழி. பழைய கோப்புகளைப் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு மெய்நிகர் கணினி தேவையில்லை.

கணக்குகளைக் குறித்த தேதிக்கு இரண்டு நாள் முன்பே மாமா கொண்டுபோய்க் கொடுத்தார். திரும்பி வந்து, மேசைக்கு அடியில் இருக்கும் பழைய பெட்டியைப் பார்த்துச் சொன்னார்:

"லயத்தை விட்டு வரும்போது எங்க அப்பா முதல்ல எடுத்தது என்ன தெரியுமா? தகரப்பெட்டி. அதுக்குள்ளதான் பிறப்புப் பத்திரமும் எங்க ஐசியும் இருந்துச்சு. வீடு எப்படியும் நம்மளது இல்ல. பத்திரம் நம்மளது."

புதிய கணினி வாங்கப் போகிறவர்கள் கடைக்குக் கிளம்பும் முன், பழைய கணினியில் அந்த ஐந்து எழுத்துகளைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள்.